ஜூரி டியூட்டி சம்மன் வந்திருக்கா? அமெரிக்காவுல இருக்கிற நம்மாளுங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

எங்க தமிழ் வாட்ஸ்அப் குரூப்புல ரெண்டு மாசத்துக்கு ஒருத்தராவது "கோர்ட்ல இருந்து லெட்டர் வந்திருக்கு, என்ன பண்றது"ன்னு போட்டோ எடுத்துப் போடறாங்க, உடனே முப்பது பேர் முப்பது விதமா பதில் சொல்றாங்க, அதுல இருவத்தஞ்சு தப்பு. சிட்டிசன் ஆனதுக்கப்பறம் எனக்கு மூணு தடவை சம்மன் வந்திருக்கு. ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க, ஒரு தடவை உக்காந்து கேஸ் முடியற வரைக்கும் பாத்தேன். நான் வக்கீல் இல்ல. இருக்கறது கலிஃபோர்னியாவுல, அதனால இங்க உள்ள நடைமுறைதான் நிறைய வரும், மத்த ஸ்டேட்ல விதி மாறும், உங்க லெட்டர்ல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு.

சம்மன்னு போட்டிருக்கே, நான் எதாவது தப்பு பண்ணிட்டேனா?

இல்லவே இல்ல. நம்ம ஊர்ல கோர்ட் சம்மன்னா வரப்புத் தகராறு, சொத்துத் தகராறு, இல்லன்னா செக் பவுன்ஸ், அதனால அந்த வார்த்தையப் பாத்ததுமே வயித்தக் கலக்கும். எனக்கு முதல் லெட்டர் வந்தப்ப ஊர்ல இருந்து வந்திருந்த என் மாமியார் ரெண்டு நாள் சரியா சாப்பிடல. இது உங்க மேல கேஸ் இல்ல, வேற யாரோட கேஸையோ உக்காந்து கேட்டு தீர்ப்பு சொல்ற பொதுஜனங்க குழுவுல, அதுக்குப் பேருதான் ஜூரி, சேர உங்களக் கூப்பிடறாங்க. குலுக்கல்ல உங்க பேர் விழுந்திருக்கு, அவ்வளவுதான்.

நான் எச்1பி விசாவுல இருக்கேன் / கிரீன் கார்டு, எனக்கு எதுக்கு வந்துச்சு?

பேர் எடுக்கிற லிஸ்ட்தான் காரணம். வோட்டர் லிஸ்ட், டிரைவிங் லைசென்ஸ் லிஸ்ட் ரெண்டும் பெரும்பாலான ஸ்டேட்ல உண்டு, கலிஃபோர்னியாவுல 2022-ல இருந்து ஸ்டேட் டாக்ஸ் கட்டறவங்க லிஸ்டையும் சேத்துட்டாங்க. டாக்ஸ் கட்டாத நம்மாள் யாரு, அதான் எல்லாருக்கும் வருது. லிஸ்ட்ல பேர் இருக்கறவங்க சிட்டிசனா இல்லையான்னு அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

சிட்டிசன் இல்லன்னா நீங்க ஜூரியா உக்கார முடியாது, உக்காரவும் கூடாது. லெட்டர்லயோ வெப்சைட்லயோ "நான் சிட்டிசன் இல்ல"ன்னு ஒரு கட்டம் இருக்கும், அத டிக் பண்ணி திருப்பி அனுப்புங்க, முடிஞ்சுது. ரெண்டு தப்பு மட்டும் பண்ணாதீங்க. ஒண்ணு, நமக்கில்லன்னு குப்பையில போடறது. ரெண்டாவது இன்னும் மோசம், அவசரத்துல "சிட்டிசன்"னு டிக் பண்றது. சிட்டிசன் இல்லாம சிட்டிசன்னு எழுதிக் குடுக்கறது பின்னாடி இமிக்ரேஷன்ல பெரிய தலைவலியாகும், ஏற்கனவே தெரியாம பண்ணிட்டீங்கன்னா உடனே ஒரு இமிக்ரேஷன் வக்கீலப் பாருங்க, வாட்ஸ்அப்ல கேக்காதீங்க.

சிட்டிசன்ஷிப் இன்டர்வியூவுக்குப் படிச்ச அந்த 100 கேள்வி லிஸ்ட் ஞாபகம் இருக்கா, சிட்டிசனுக்கு மட்டுமே உள்ள ஒரு பொறுப்பு என்னன்னு ஒரு கேள்வி வரும். பதில் ரெண்டு, ஃபெடரல் எலெக்ஷன்ல ஓட்டுப் போடறது, ஜூரியா உக்காரறது. நாம எல்லாரும் முதல் பதிலச் சொல்லிட்டு வந்துட்டோம்.

நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு கிடையாதே?

இப்ப கிடையாது, முன்னாடி இருந்துச்சு. தாத்தா பாட்டி காலத்துல தமிழ்நாடே பேசின லட்சுமிகாந்தன் கொலைக் கேஸ்ல தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1945-ல குற்றவாளின்னு ஆனது மெட்ராஸ் ஹைகோர்ட்ல ஜூரி முன்னாடிதான். ஆயுள் தண்டனை ஆகி, அப்ப இந்தியக் கேஸுக்கெல்லாம் கடைசி கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1947-லதான் வெளிய வந்தாங்க. அடுத்து 1959-ல பம்பாய்ல நானாவதி கேஸ், மனைவியோட காதலனச் சுட்ட கடற்படை அதிகாரி, ஜூரி 8-க்கு 1-ன்னு குற்றமில்லன்னு சொல்லிடுச்சு, ஜட்ஜ் அத ஏத்துக்காம ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார், அங்க தண்டனை ஆச்சு. அந்த ஒரே கேஸாலதான் இந்தியாவுல ஜூரி ஒழிஞ்சுதுன்னு சொல்றது கொஞ்சம் ஓவர், ஏற்கனவே பல இடத்துல எடுத்துட்டு வந்தாங்க, 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட சுத்தமா போயிடுச்சு.

சட்டம் படிச்ச ஜட்ஜ் இருக்கும்போது தெருவுல போறவங்களக் கூப்பிட்டு எதுக்குக் கேக்கறாங்க?

நானும் முதல்ல இதத்தான் கேட்டேன். ஜட்ஜ் நல்லவரா இருந்தா பிரச்சனை இல்ல, ஜட்ஜ் கவர்னரோட ஆளா இருந்தா? 1735-ல நியூயார்க்ல ஜான் பீட்டர் ஜெங்கர்னு ஒரு பிரின்டர், கவர்னர் காஸ்பியத் திட்டி பத்திரிகை போட்டதுக்கு கேஸ். அப்போதைய சட்டப்படி எழுதினது உண்மையா பொய்யாங்கறது பேச்சே இல்ல, அச்சடிச்சாரா இல்லையா அவ்வளவுதான், அச்சடிச்சத அவரோட வக்கீல் ஆண்ட்ரூ ஹாமில்டனே ஒத்துக்கிட்டார். ஜட்ஜ் கவர்னர் பக்கம். ஹாமில்டன் ஜட்ஜ விட்டுட்டு ஜூரி பக்கம் திரும்பி, உண்மையச் சொன்னது குற்றமான்னு நீங்களே சொல்லுங்கன்னு விட்டார். ஜூரி போய் கொஞ்ச நேரத்துல வந்து குற்றமில்லன்னு சொல்லிட்டாங்க. கவர்னரால ஒண்ணும் பண்ண முடியல.

அதனாலதான் 1776 சுதந்திரப் பிரகடனத்துல இங்கிலாந்து ராஜா மேல போட்ட புகார் லிஸ்ட்ல, எங்களுக்கு ஜூரி விசாரணை கிடைக்காமப் பண்ணினார்னு ஒண்ணு இருக்கு. அப்பறம் அரசியல் சட்டத்துலயே எழுதிட்டாங்க, 1791-ல ஆறாவது திருத்தம் கிரிமினல் கேஸுக்கு, ஏழாவது திருத்தம் சிவில் கேஸுக்கு. ஏழாவதுல 20 டாலருக்கு மேல உள்ள வழக்குன்னு போட்டிருக்கும், அது இன்னிக்கும் மாறல, இப்ப அந்தக் காசுக்கு ரெண்டு பேர் தோசை சாப்பிட முடியாது.

யார் வேணாலும் ஜூரியா உக்காரலாமா? எப்பவுமே அப்படித்தானா?

இதுக்குக் கொஞ்சம் நீளமாத்தான் சொல்லணும், ஏன்னா இதப் படிச்சதுக்கு அப்பறம்தான் எனக்கு இந்த லெட்டர் மேல இருந்த எரிச்சலே போச்சு.

1880-லயே சுப்ரீம் கோர்ட், கறுப்பினத்தவர் ஜூரியா உக்காரக் கூடாதுன்னு சட்டம் போடறது செல்லாதுன்னு சொல்லிடுச்சு, வெஸ்ட் வர்ஜீனியா கேஸ். காகிதத்துல சரி. நடைமுறையில தெற்கு ஸ்டேட்கள்ல ஒரு எளிய வழி வச்சிருந்தாங்க. ஜூரி லிஸ்ட் வோட்டர் லிஸ்ட்ல இருந்து வரும், கறுப்பினத்தவர வோட்டராவே பதிய விடமாட்டாங்க, ஜூரி லிஸ்ட் தானா சுத்தமா வெள்ளையாயிடும். 1955-ல மிசிசிப்பியில எம்மெட் டில்னு 14 வயசுக் கறுப்பினப் பையன அடிச்சுக் கொன்னு ஆத்துல போட்ட கேஸ்ல 12 ஜூரியும் வெள்ளை ஆம்பளைங்க, 67 நிமிஷத்துல குற்றமில்லன்னு வந்துட்டாங்க, நடுவுல சோடா குடிக்க நிறுத்தலன்னா இவ்வளவு நேரம்கூட ஆயிருக்காதுன்னு அதுல ஒருத்தர் சொன்னதா பதிவாயிருக்கு. அடுத்த ஜனவரியில, அந்தக் கேஸ்ல விடுதலையான ரெண்டு பேரும் காசு வாங்கிட்டு ஒரு பத்திரிகைக்கு ஆமா நாங்கதான் கொன்னோம்னு பேட்டி குடுத்தாங்க. ஒரு தடவை விடுதலையானவங்கள அதே கேஸ்ல திரும்ப விசாரிக்க முடியாதே, அந்த தைரியம்.

பொம்பளைங்க கதை வேற மாதிரி. 1870-ல வயோமிங் பிரதேசத்துல லாரமியில பெண்கள் ஜூரியில உக்காந்தாங்க, அதுக்கு முந்தின வருஷம் டிசம்பர்லதான் அங்க பெண்களுக்கு ஓட்டுரிமை வந்திருந்துச்சு. ஊர்ப் பத்திரிகைங்க, அம்மா ஜூரிக்குப் போயிட்டா குழந்தை அழுவுதுன்னு பாட்டெல்லாம் கட்டிக் கிண்டல் பண்ணுச்சு. ஒரு வருஷம்தான், வேற ஜட்ஜ் வந்ததும் நிறுத்திட்டாங்க. அதுக்கப்பறம் எவ்வளவு காலம் ஆச்சுன்னு பாருங்க, 1961-ல ஃப்ளோரிடாவுல க்வெண்டோலின் ஹாய்ட்னு ஒருத்தி, பேஸ்பால் மட்டையால புருஷன அடிச்சுக் கொன்ன கேஸு, ஜூரி அத்தனை பேரும் ஆம்பளைங்க. அங்க ஒரு பெண் ஜூரி ஆகணும்னா தானாப் போய் பேர் குடுக்கணும், ஆம்பளைங்களுக்கு அந்த வேலை இல்ல. சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சு தெரியுமா, பெண்தான் வீட்டுக்கும் குடும்பத்துக்கும் நடுநாயகம், அதனால இந்த விதி சரிதான்னு சொல்லிடுச்சு! 1968 வரைக்கும் மிசிசிப்பியில பெண்கள் ஸ்டேட் ஜூரியில உக்காரவே முடியாது. 1975-ல லூசியானா கேஸ்லதான் கதவு தெறந்துச்சு, 1979-ல மிசௌரி கேஸ்ல மிச்சத்த உடைச்சாங்க, அதுல வாதாடின வக்கீல்கள்ல ஒருத்தர், பின்னாடி அதே சுப்ரீம் கோர்ட்ல ஜட்ஜான ரூத் பேடர் கின்ஸ்பர்க்.

டெக்சஸ்ல ஒரு கவுன்டியில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) 25 வருஷமா ஒரு மெக்சிகன் அமெரிக்கர்கூட ஜூரியில உக்காந்ததில்லன்னு ஹெர்னாண்டஸ் கேஸ், 1954. சரி, நாம எங்க இருந்தோம்? நம்மள சிட்டிசனாவே ஆக விடல. 1923-ல பகத் சிங் திண்ட்னு ஒருத்தர், அமெரிக்க ராணுவத்துலயே இருந்தவர், சிட்டிசன்ஷிப் கேட்டதுக்கு இந்தியர்கள் வெள்ளையர் கிடையாது அதனால தகுதி இல்லன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. 1946-லதான் சட்டம் மாறுச்சு. அப்படி 1949-ல சிட்டிசனான தலீப் சிங் சௌந்த், கலிஃபோர்னியாவுல வெஸ்ட்மோர்லாண்ட்னு சின்ன ஊர்ல ஜட்ஜா இருந்து, 1956-ல காங்கிரஸுக்கே, அதாவது அமெரிக்க பார்லிமென்ட்டுக்கே, ஜெயிச்சுட்டார். அதே கலிஃபோர்னியாவுலதான் 1854-ல சீனர்கள் வெள்ளைக்காரனுக்கு எதிரா சாட்சியே சொல்லக் கூடாதுன்னு ஒரு தீர்ப்பு இருந்துச்சு, கொலைய நேர்ல பாத்திருந்தாலும் செல்லாது.

தப்பிக்கறதுக்கு என்ன சொல்லணும்? "இங்கிலீஷ் தெரியாதுன்னு சொல்லிடு"ன்னு ஒருத்தர் சொன்னாரே?

நாள் பூரா ஆஃபீஸ்ல இங்கிலீஷ்ல மீட்டிங் நடத்தற ஆளு கோர்ட்ல போய் "நோ இங்கிலீஷ் சார்"னு நிக்கறத நான் கண்ணால பாத்திருக்கேன், நம்ம ஊர்க்காரர்தான். ஜட்ஜ் சிரிச்சுக்கிட்டே "என்ன வேலை பாக்கறீங்க"ன்னு கேட்டார், நம்மாளு பழக்கதோஷத்துல சுத்தமான இங்கிலீஷ்ல பதில் சொல்லிட்டார். எனக்கு சீட்டுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கலாம் போல ஆயிடுச்சு. பேசறது புரிஞ்சா போதும், உச்சரிப்பு எப்படி இருந்தாலும் யாரும் கவலைப்படறதில்ல.

உண்மையான காரணம் இருந்தா அதையே சொல்லுங்க, கேப்பாங்க. உடம்பு முடியல, வீட்டுல பாத்துக்க வேண்டியவங்க இருக்காங்க வேற ஆள் இல்ல, போகலன்னா குடும்பமே கஷ்டப்படும், இதுக்கெல்லாம் விலக்கு உண்டு. கலிஃபோர்னியாவுல தாய்ப்பால் குடுக்கற அம்மாக்கள் ஒரு வருஷம் வரைக்கும் தள்ளி வைக்கலாம், 70 வயசுக்கு மேலன்னா உடம்பக் காரணமாச் சொல்றதுக்கு டாக்டர் லெட்டர்கூட வேணாம். ஊருக்கு டிக்கெட் போட்டாச்சா, தேதிய மாத்திக்கலாம், ஆன்லைன்லயே நடக்கும், ரெண்டு நிமிஷ வேலை.

ஒண்ணும் சொல்லாம இருந்துட்டா இங்க 1,500 டாலர் வரைக்கும் அபராதம், ஃபெடரல் கோர்ட்னா 1,000 டாலர் அபராதமோ 3 நாள் ஜெயிலோ சமூக சேவையோ போடலாம். எல்லாருக்கும் போடறதில்ல, ஆனா அத நம்பி இருக்காதீங்க. ஒபாமாவே 2017 நவம்பர்ல சிகாகோ கோர்ட்டுக்கு வந்து மத்தவங்களோட உக்காந்திருந்தார், எடுக்கல, போயிட்டார்.

போன உடனே ஜூரி ஆயிடுவோமா?

ரொம்பப் பேர் ஆகறதில்ல. இங்க "ஒரு நாள் அல்லது ஒரு கேஸ்" முறை. முந்தின நாள் சாயங்காலம் உங்க குரூப் நம்பர வெப்சைட்ல பாக்கணும், வரவேணாம்னு போட்டிருந்தா பல சமயம் வாரம் பூரா அப்படியே ஓடிடும். வரச்சொன்னா போய் பெரிய ஹால்ல உக்காரணும், ஒரு நாள் முடியறதுக்குள்ள எந்தக் கேஸுக்கும் கூப்பிடலன்னா வேலை முடிஞ்சுது, குறைஞ்சது ஒரு வருஷத்துக்குத் தொந்தரவு இல்ல.

கூப்பிட்டாங்கன்னா கேள்வி கேக்கற கட்டம். ஜட்ஜும் ரெண்டு பக்க வக்கீலும் கேப்பாங்க, வேலை என்ன, குடும்பத்துல போலீஸ் யாராவது இருக்காங்களா, இந்த மாதிரி சம்பவம் உங்களுக்கு நடந்திருக்கா, இதெல்லாம். எங்க கேஸ்ல ஒரு டெலிவரி டிரைவர் நிறுத்தி வச்சிருந்த கார இடிச்சுட்டு நிக்காமப் போயிட்டார்ங்கறது புகார். அவரோட வக்கீலம்மா நேரா என்னப் பாத்து, "இந்த நிமிஷமே முடிவு சொல்லணும்னா என்ன சொல்வீங்க, குற்றவாளியா இல்லையா?"ன்னு கேட்டாங்க. நான் ரொம்ப நியாயவாதி மாதிரி "இன்னும் ஒண்ணுமே கேக்கலையே, எப்படிச் சொல்ல முடியும்"னேன். பக்கத்துல இருந்த ரெண்டு பேர் தலையாட்டினாங்க. வக்கீலம்மா மெதுவா சொன்னாங்க, ஒண்ணுமே கேக்கலன்னா பதில் "குற்றமில்ல"தான், ஏன்னா நிரூபிக்கற வேலை அந்தப் பக்கத்தோடது, அவங்க இன்னும் எதுவும் நிரூபிக்கல. நான் நடுவுல நிக்கறதா நெனச்சுட்டு இருந்தேன், சட்டம் என்ன நடுவுல நிக்கச் சொல்லவே இல்ல. அந்த எடத்துல ஒரு மாதிரி முழிச்சேன், இருந்தும் என்ன எடுத்துட்டாங்க.

நல்லா பதில் சொன்ன ஒருத்தர அனுப்பிட்டாங்களே, ஏன்?

ஒவ்வொரு பக்கமும் குறிப்பிட்ட எண்ணிக்கையில காரணமே சொல்லாம ஆள நீக்கலாம். அதுலதான் பழைய அழுக்கு வேற வழியா திரும்ப வந்துச்சு, கறுப்பினத்தவரா பாத்து நீக்கறது. 1986-ல பேட்சன் கேஸ்ல, கென்டக்கியில நாலு கறுப்பினத்தவரையும் அரசு வக்கீல் நீக்கி முழு வெள்ளை ஜூரி ஆக்கினத சுப்ரீம் கோர்ட் தப்புன்னு சொல்லுச்சு, 1994-ல ஆண் பெண்ணுன்னு பாத்து நீக்கறதும் தப்புன்னாங்க. நின்னுதான்னா இல்ல. மிசிசிப்பியில கர்ட்டிஸ் ஃப்ளவர்ஸ்ங்கறவர ஒரே அரசு வக்கீல் ஒரே கேஸுக்கு 6 தடவை விசாரணைக்கு நிறுத்தினார், மொத்தத்துல நீக்க முடிஞ்ச 42 கறுப்பின ஜூரர்கள்ல 41 பேர நீக்கியிருந்தார். 2019-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்ப ரத்து பண்ணுச்சு, அடுத்த வருஷம் கேஸே வாபஸ். 20 வருஷத்துக்கு மேல அவர் உள்ள இருந்தார்.

சம்பளம் உண்டா?

சிரிக்காதீங்க. கலிஃபோர்னியாவுல முதல் நாள் ஒண்ணும் கிடையாது, ரெண்டாவது நாள்ல இருந்து 15 டாலர், போக்குவரத்துக்குக் கொஞ்சம். நியூ ஜெர்சியில முதல் 3 நாள் தினம் 5 டாலர், அப்பறம் 40. ஃபெடரல் கோர்ட் 50 டாலர். மணிக்கூலிக்கு வேலை பாக்கறவங்களுக்கு இது அநியாயம், நான் இத ஒளிச்சுப் பேசமாட்டேன், சம்பளத்தோட லீவு குடுக்கற கம்பெனியில இருக்கற நாம எல்லாம் "கடமை"ன்னு லெக்சர் குடுக்கறது சுலபம். எங்க ஜூரியில நெயில் சலூன்ல வேலை பாக்கற ஒரு வியட்நாம் அக்கா, 4 நாளும் லஞ்ச் பிரேக்ல போன்ல கஸ்டமர மாத்தி மாத்தி விட்டுட்டே இருந்தாங்க. சான் ஃபிரான்சிஸ்கோவுல வருமானம் குறைஞ்சவங்களுக்கு தினம் 100 டாலர்னு ஒரு திட்டம் 2022-ல ஆரம்பிச்சாங்க, அது எல்லா இடத்துலயும் வரணும்.

வேலையில இருந்து தூக்கிடுவாங்களா?

அது சட்டப்படி கூடாது. முன்கூட்டி சொல்லிடுங்க, லெட்டர் காப்பி குடுங்க, கோர்ட்ல வந்ததுக்கு சர்டிஃபிகேட் வாங்கிக்கோங்க. ஆனா தூக்கக் கூடாதுங்கறது வேற, சம்பளம் தரணும்ங்கறது வேற, ரெண்டாவது பெரும்பாலும் கம்பெனி பாலிசி. கான்ட்ராக்ட்ல இருக்கறவங்க முதல்லயே எச்ஆர்கிட்ட கேட்டுடுங்க.

12 பேரும் ஒத்துக்கணுமா?

கிரிமினல்ல ஆமா, இப்ப எல்லா ஸ்டேட்லயும். 12 பேர்தான் வேணும்னு இல்ல, சில ஸ்டேட்ல சின்னக் கேஸுக்கு 6 பேர் போதும், 5 பேர் ஆகாதுன்னு 1978-லயே சொல்லியாச்சு. ஆனா எத்தன பேர் இருந்தாலும் ஒரே முடிவா இருக்கணும். இது 2020 வரைக்கும் அப்படி இல்ல. லூசியானாவுல 1898-ல அரசியல் சட்டம் எழுதினப்ப 12-ல 9 பேர் போதும்னு வச்சாங்க, ஜூரியில ஒண்ணு ரெண்டு கறுப்பினத்தவர் வந்தாலும் அவங்க ஓட்டு செல்லாம ஆக்கறதுக்குன்னே வச்ச கணக்கு, பின்னாடி அது 10 ஆச்சு. ஆரிகன்லயும் 10 போதும். ஈவாஞ்சலிஸ்டோ ராமோஸ்னு ஒருத்தருக்கு 10-க்கு 2-ன்னு ஆயுள் தண்டனை ஆச்சு, அவர் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2020 ஏப்ரல்ல அந்த முறையவே ஒழிச்சார். சிவில் கேஸ்ல பல ஸ்டேட்ல இன்னமும் முக்கால்வாசி பேர் ஒத்துக்கிட்டா போதும்.

ஒத்துப் போகவே முடியலன்னா ஜட்ஜ்கிட்ட சொல்லலாம், விசாரணை செல்லாமப் போகும், அரசு திரும்ப முதல்ல இருந்து நடத்தலாம் இல்ல விட்டுடலாம்.

அந்த ரூமுக்குள்ள என்னதான் நடக்கும்?

முதல்ல தலைவர் ஒருத்தர எடுக்கணும். எங்க ரூம்ல எல்லாரும் மேஜையப் பாத்துட்டு இருந்தாங்க, கடைசியில ரிட்டையர்டு ஸ்கூல் பஸ் டிரைவர் ஒருத்தர் சரி நான் பண்றேன்னார். பேசறதுக்கு முன்னாடியே ஒரு ஓட்டு, துண்டு பேப்பர்ல எழுதி மடிச்சு போட்டோம், குற்றவாளின்னு 8, இல்லன்னு 4. நான் அந்த 8-ல இருந்தேன்.

இடிச்சது யாருக்கும் சந்தேகமில்ல, கேமராவுல தெளிவா இருக்கு. ஆனா ஜட்ஜ் குடுத்த தாள்ல, இடிச்சது அவருக்குத் தெரிஞ்சிருக்கணும்னு ஒரு வரி இருந்துச்சு. நாங்க ரெண்டு மணி நேரம் சண்ட போட்டது அந்த ஒரு வரிக்குத்தான். வீடியோவ திரும்பப் போட்டுப் பாத்தோம், ஏழெட்டு தடவை, வண்டி திரும்புது, பின்பக்கம் காரோட பம்பர உரசுது, காரு லேசா ஆடுது, லாரி ஒரு செகண்டு கூட வேகம் குறையல. தெரிஞ்சுதான் ஓடினான்னு நான் அதையே காரணமாச் சொன்னேன். நெயில் சலூன் அக்கா அதே விஷயத்த அப்படியே திருப்பிட்டாங்க, "தெரிஞ்சிருந்தா கால் தன்னால பிரேக்குக்குப் போயிருக்கும், இல்ல?" ரூம் அமைதியாயிடுச்சு. அவங்க சொன்னதுதான் நிச்சயமா உண்மைன்னு நான் சொல்லல, ஆனா அப்படியும் இருக்கலாம்ல, அந்த "இருக்கலாம்"ன்ற எடத்துலதான் நியாயமான சந்தேகம்ங்கறது உக்காந்திருக்கு, அது இருந்தா குற்றவாளின்னு சொல்லக் கூடாது. மறுநாள் காலையில 12-க்கு 0, குற்றமில்ல.

காரோட சொந்தக்காரம்மா, வயசானவங்க, சாட்சி சொல்லிட்டு கடைசி நாளும் வந்து உக்காந்திருந்தாங்க. தீர்ப்பப் படிச்சப்ப அவங்க எங்களப் பாத்தாங்க, நான் தரையப் பாத்தேன். வீட்டுக்கு வந்து யாரோடயும் பேசல, சாம்பார்ல ரெண்டு தடவை உப்புப் போட்டுட்டேன்.

நடுவுல கூகுள்ல தேடிப் பாக்கலாமா? வீட்டுல சொல்லலாமா?

கூடாது, கூடவே கூடாது. கேஸ் பத்தி தேடறது, அந்த எடத்துக்குப் போய் பாக்கறது, வீட்டுக்காரர்கிட்ட புலம்பறது எதுவும் கூடாது, கண்டுபிடிச்சா மொத்த விசாரணையும் வீணாப் போகலாம். முடிஞ்சதுக்கு அப்பறம் தாராளமா பேசலாம், இங்க இப்ப நான் பேசற மாதிரி. பெரிய கேஸ்ல வீட்டுக்கே அனுப்பாம ஹோட்டல்ல வச்சிருப்பாங்க, 1995-ல ஓ.ஜே. சிம்ப்சன்னு பிரபல ஃபுட்பால் வீரர் மேல நடந்த கொலைக் கேஸ்ல எட்டு மாசத்துக்கு மேல வச்சிருந்தாங்க, முடிவு எடுக்க அவங்களுக்கு ஆனது 4 மணி நேரத்துக்கும் கம்மி. இந்த மாதிரி உங்களுக்கு வராது, பயப்படாதீங்க. சொல்லப்போனா கிரிமினல் கேஸ்ல 100-க்கு 90-க்கு மேல விசாரணைக்கே வராம பேரம் பேசி முடிஞ்சுடுது.

கிராண்ட் ஜூரின்னு வந்திருக்கே?

அது வேற. ஃபெடரல்ல 16-ல இருந்து 23 பேர், தீர்ப்பு சொல்றதில்ல, கேஸ் போடற அளவுக்கு ஆதாரம் இருக்கான்னு மட்டும் பாக்கறது, 12 பேர் ஆமான்னா போதும். ரகசியமா நடக்கும், மாசக்கணக்குல போய்ட்டு வரவேண்டியிருக்கும், தேதிகள முன்னாடியே கேட்டுக்கோங்க.

"ஜூரிக்கு வரல, வாரன்ட் இருக்கு, உடனே பணம் கட்டு"ன்னு போன் வந்துச்சு, நெஜமா?

திருட்டுப் பசங்க. கோர்ட் போன் பண்ணி பணம் கேக்காது, கிஃப்ட் கார்டு நம்பர் கேக்கவே கேக்காது. வச்சுட்டு, லெட்டர்லயோ கோர்ட் வெப்சைட்லயோ இருக்கற நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க. ஊர்ல இருந்து வந்திருக்கற அப்பா அம்மா போன எடுத்து பயந்துடுவாங்க, அவங்ககிட்டயும் சொல்லி வைங்க.

என்ன எடுத்துட்டுப் போகணும்?

லெட்டர், ஐடி, ஸ்வெட்டர். ஸ்வெட்டர் முக்கியம், அந்த ஹால்ல ஏசி நம்ம ஊர் சினிமா தியேட்டர் மாதிரி போட்டு வச்சிருப்பாங்க. படிக்க எதாவது, போன் சார்ஜர். வாசல்ல ஏர்போர்ட் மாதிரி ஸ்கேனிங், பழம் வெட்டற சின்னக் கத்திய பையில இருந்து எடுத்து வச்சுட்டுப் போங்க. சாப்பாடு கொண்டு போகலாம், நான் எவர்சில்வர் டப்பாவுல தயிர்சாதம் கொண்டு போயிருந்தேன், மெஷின்ல அது கறுப்பா உருண்டையாத் தெரிஞ்சிருக்கும் போல, செக்யூரிட்டி தெறக்கச் சொன்னார். தெறந்தேன். மேல இருந்த மாவடுவப் பாத்து இது என்னன்னு கேட்டார், ஊறுகாய்னேன், மூடச் சொல்லி கைகாட்டிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டார். மறுநாள்ல இருந்து பிளாஸ்டிக் டப்பா.